ஒருமுறைகூட மறுக்காத இயந்திரம்

1992-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, புதன்கிழமை. காலை பதினொன்றே காலுக்கு அருள்மேரிக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. அந்தப் பாராட்டுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

பாராட்டியவள் புஷ்பம். கிழக்குத் தாம்பரத்தில் டாக்டர் தட்சிணாமூர்த்தி நடத்திவந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பிரிண்டர் ரிப்பன் மங்கிவிட்டது, புதியது வேண்டும் என்று கேட்கத்தான் போன் செய்திருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, போனை வைக்கும் முன் சொன்னாள்.

"மேரிக்கா, உங்க ப்ரோகிராம் சூப்பர்க்கா. போட்டு எட்டு வேலை நாள் ஆச்சு. ஒரு தடவகூட தப்புன்னு சொன்னதே இல்ல. நோட்டு இருந்தப்போ வாரத்துக்கு ரெண்டு தடவயாவது எனக்கும் காமுவுக்கும் ஒத்துப்போகாது. டாக்டர் கிழிகிழின்னு கிழிப்பாரு. இப்ப அந்தப் பேச்சே இல்ல."

அருள்மேரி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். 'ரிப்பன் ஒன்று' என்று தாளில் எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. எட்டு நாளில் ஒருமுறைகூட இல்லையா?

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கடப்பேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சவுரிமுத்து ரயில்வேயில் ஃபிட்டர். கணக்கில் பட்டம் பெற்று, கோபோல் என்ற கணிப்பொறி மொழியைக் கற்று, கிண்டியில் ஒரு கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். 1991-இல் அந்தப் பிரிவை மூடினார்கள். பிறகு மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஏகநாதன் நடத்திய சிறிய கம்ப்யூட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அங்கே கோபோல் கிடையாது. சி என்ற மொழியில் எழுதச் சொன்னார் ஏகநாதன். புத்தகத்தைப் பார்த்து இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்துக்கு எழுதியதுதான் அந்த மொழியில் அவளுடைய முதல் முழு வேலை.

அந்தக் கூடத்தில் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை இருபது இருபதாக மரத்தாங்கியில் நிறுத்துவார்கள். முன்வரிசையில் பத்துக் குழாய், பின்வரிசையில் பத்து. முதல் துளையின் ஓரத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அங்கிருந்துதான் எண்ண வேண்டும். இன்னொரு டெக்னீஷியன் காமு இருபதையும் சோதித்து எந்த எண் எந்த வகை என்று எழுதுவாள். அவள் எழுதியதைப் பார்க்காமல் புஷ்பமும் தனியாகச் சோதித்து எழுதுவாள். பிறகு டாக்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரி வரியாக இறக்கிக்கொண்டே ஒப்பிடுவார். இருபதும் ஒத்துப்போனால்தான் ரத்தப் பைகளில் லேபிள் ஏறும். டாக்டருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியதும், அடிக்கோல் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்று கேட்டார். இருவரும் தனித்தனியே விசைப்பலகையில் அடிக்க வேண்டும். இரண்டு பட்டியலும் ஒன்றானால் லேபிள் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் 'வேறு' என்று சொல்லி நிற்க வேண்டும்.

அருள்மேரி முதலில் எழுதிய ப்ரோகிராம் எதைக் கொடுத்தாலும் 'வேறு' என்றது. அச்சு அசலாக ஒரே பட்டியலை இரண்டுமுறை அடித்தாலும் 'வேறு'தான். கோபோலில் இரண்டு பட்டியல் சமமா என்று கேட்டால், அது இரண்டின் உள்ளேயும் இருப்பதை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிட்டுப் பதில் சொல்லும். ஒன்பது வருடம் அப்படிக் கேட்டே பழகிய கை. சி மொழி பட்டியலின் உள்ளே எட்டியே பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சாமான்கள் இருக்கின்றனவா என்று கேட்டால், கதவு எண்ணைப் பார்த்துவிட்டு 'வேறு வீடு' என்று சொல்வதைப் போல. இது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று ஏகநாதன் தலைமேல் நின்றார். அன்று மாலை அவள் இன்னொரு மாற்றமும் செய்தாள். மாதிரி எண்களைப் புஷ்பம் மறுபடி அடிக்க வேண்டாமே என்று, முதல் பட்டியலை இரண்டாவதுக்குள் நகல் எடுத்துவைக்கும்படி ஒரு வரி எழுதினாள். மொழி அந்த வரியை ஏற்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி, இரண்டாவது பட்டியலை அறிவித்திருந்த விதத்தை மாற்றினாள். இப்போது ஏற்றுக்கொண்டது. ஒரே பட்டியலை மூன்றுமுறை அடித்துப் பார்த்தாள். மூன்றுமுறையும் 'ஒன்றே' என்று வந்தது. விட்டது தலைவலி என்று வீட்டுக்குப் போனாள்.

வேறு வேறான பட்டியலைக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. அன்று பகல் முழுக்க 'வேறு', 'வேறு' என்று கேட்டுச் சலித்திருந்ததால், அது சொல்லத் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டாள்.

இப்போது ரிப்பன் தாளைத் தள்ளிவைத்துவிட்டு ப்ரோகிராமைத் திறந்தாள். காமுவின் இடத்தில் ஒன்று முதல் இருபது வரை ஓ வகை என்று அடித்தாள். புஷ்பத்தின் இடத்தில் இருபதும் ஏபி என்று அடித்தாள். எந்தக் குருடனுக்கும் தெரியும் வித்தியாசம்.

'ஒன்றே' என்றது திரை.

 முதல் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். அதில் ஓ இல்லை. இருபதும் ஏபியாக இருந்தன. அப்போதுதான் புரிந்தது. அவள் எழுதிய வரி நகல் எடுக்கவில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வைத்திருந்தது. காமு அடித்ததன் மேலேயே புஷ்பம் அடித்திருக்கிறாள். இயந்திரம் அந்த ஒரே பட்டியலை அதனோடே ஒப்பிட்டு, எட்டு நாளும் 'ஒன்றே', 'ஒன்றே' என்று சொல்லியிருக்கிறது. பதினாறு தாங்கி, முந்நூற்று இருபது குழாய். ஒன்றைக்கூட யாரும் ஒப்பிடவில்லை. அத்தனை பைக்கும் லேபிள் ஏறிவிட்டது.

 எழுந்து போய் ஏகநாதனிடம் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேரி, நான் சொல்றதைக் கேளு. சரி பண்ணி ஃப்ளாப்பில எடுத்துக்கோ. ரிப்பனையும் எடுத்துக்கோ. ரிப்பன் மாத்த வந்தேன்னு சொல்லி உக்காரு. ரெண்டு நிமிஷத்துல புதுசைப் போட்டுட்டு வந்துடு. சொன்னா அந்த டாக்டர் நம்மள சும்மா விடுவாரா?"

அவள் போன எட்டு நாளைப் பற்றிக் கேட்டாள்.

"போனது போச்சு. அங்க ஏதாவது தப்பு நடந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது இல்ல? அப்புறம் ஏன் நீயா போய் தலையைக் கொடுக்கிற?"

தெரியாது என்பதுதான் அவளை வதைத்தது. தெரிந்திருந்தால் ஒரு பைக்குத்தான் பயப்பட வேண்டும். தெரியாததால் முந்நூற்று இருபதுக்கும் பயந்தாள். அவசரத்தில் ஒட்டுப்போட்ட ப்ரோகிராமை ஃப்ளாப்பியில் எடுத்து, ரிப்பனோடு பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ரயில் நிலைய மேம்பாலத்தில் கூட்டம் எதிர்த்து வந்தது. மூட்டை தூக்குகிறவர், காலேஜ் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. இவர்களில் யாருக்கு என்ன வகை, யார் உடம்பில் எந்தப் பை ஏறியிருக்கும் என்று நினைப்பு ஓடியது. 

பன்னிரண்டு ஐந்துக்குக் கூடத்துக்குள் நுழைந்தாள். புஷ்பம் ரிப்பன் வந்ததா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்து ஃப்ளாப்பியைச் செருகினால் யாருக்கும் எதுவும் தெரியாது. அருள்மேரி ரிப்பனை மேஜைமேல் வைத்தாள்.  டாக்டரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், மெஷின் ஒப்பிட்டே பாக்கல. எட்டு நாளா. தப்பு என்னுது."

தட்சிணாமூர்த்தி உரக்கப் பேசுகிறவர்.  கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காமு அடித்த பட்டியல்கள் எங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவை இல்லை, அவற்றின் மேலேயே இரண்டாவது ஏறிவிட்டது, அச்சான சீட்டுகளில் இருப்பதெல்லாம் புஷ்பம் அடித்தவை மட்டுமே என்று அவள் சொன்னாள். புஷ்பம் தன் குறிப்புத் துண்டுகளை அன்றன்றே குப்பையில் போட்டிருந்தாள். நோட்டு வைத்துக்கொள்வதை டாக்டரே பத்தாம் தேதியிலிருந்து நிறுத்தச் சொல்லியிருந்தார். ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. 

சோதனை மேஜையிலிருந்து காமு வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"சார், திட்டக் கூடாது. நோட்டு வாணாம்னு சொன்னீங்க, நிறுத்திட்டேன். ஆனா அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடிக்கு இருவதையும் மனசுலயே வச்சிகினு வர நான் இன்னா மெஷினா? காலண்டர் தாள்ல எழுதிக்கினு வந்துதான் அடிச்சேன். தூக்கிப் போட மனசு வரல."

டின்னுக்குள் தாங்கிக்கு ஒன்றாகப் பதினாறு பழைய தினசரி காலண்டர் தாள்கள், பின்பக்கம் தேதி எழுதி, நாலாக மடித்து இருந்தன.

அருள்மேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் பயம் குறையவில்லை. இனித்தான் தெரியப்போகிறது. டாக்டர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு காலண்டர் தாளிலும் எத்தனை ஓ, எத்தனை பி, எத்தனை ஏ, எத்தனை ஏபி என்று எண்ணி, அன்றைய அச்சுச் சீட்டிலும் எண்ணினார். பத்தாம் தேதி முதல் தாங்கியிலிருந்து பதினெட்டாம் தேதிவரை பதினாறிலும் எண்ணிக்கை ஒத்துப்போனது. மூச்சை விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தப்பித்தோம் என்றார்.

அருள்மேரி தலையசைக்கவில்லை. எட்டு ஓ இங்கும் இருக்கலாம், அங்கும் இருக்கலாம். அவை அதே எண்களில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பையின் மேல் ஒட்டுவது எண்ணிக்கையை அல்ல.  ஒவ்வொன்றாக, எண் எண்ணாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.  டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய அடிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

காமு வாசித்தாள். புஷ்பம் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். அருள்மேரி அடிக்கோலை இறக்கினாள். முதல் ஒன்பது தாங்கியும் சரியாக இருந்தன. பத்தாவது, பதினான்காம் தேதி இரண்டாவது தாங்கி. ஒன்று ஓ. ஓ. இரண்டு பி. பி. மூன்று ஏ. ஏ. நான்கு பி.

புஷ்பம் சீட்டை அருள்மேரி பக்கம் நகர்த்தினாள். அருள்மேரி குனிந்து பார்த்தாள். சீட்டில் நான்காவது ஓ.

அதற்குப் பின் வரிசை தாறுமாறாகப் போனது. இங்கே பி, அங்கே ஓ; இங்கே ஓ, அங்கே ஏ. சில இடங்களில் மட்டும் ஒத்தது. அருள்மேரி சீட்டைத் தலைகீழாகப் படித்தாள். இருபதாவதிலிருந்து ஒன்றுவரை. அப்படிப் படித்தால் காமுவின் தாளோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியது.

புஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முகாமிலிருந்து வந்த பெட்டியில் ஐஸ் உருகி, குழாய்களில் எழுதியிருந்த எண்கள் கரைந்திருந்தன. வரிசையை நம்பித்தான் வேலை நடந்தது. முந்தின நாள் பிளீச்சிங் பவுடரில் கழுவிய மரத்தாங்கியில் பிளாஸ்திரி உரிந்து போயிருந்தது. அடுக்கிய காமுவுக்கு எது முதல் துளை என்று தெரியும். புஷ்பம் தாங்கியை மறுமுனையிலிருந்து பிடித்துக்கொண்டு போனாள். நோட்டுக் காலமாக இருந்தால் அடிக்கோல் நான்காவது வரியிலேயே நின்றிருக்கும்.

அந்தத் தாங்கியின் பைகள் எங்கே என்று டாக்டர் கேட்டார். பதினெட்டு பை குளிர்பெட்டியில் இருந்தன. இரண்டு பை அன்று காலை பத்தரைக்கு, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் உள்ள ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தன. கங்கம்மா என்ற பெண்மணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அவர் ஓ வகை. கேட்டிருந்ததும் ஓ. பை அனுப்பியதைக் குறிக்கும் புத்தகத்தில் ஒரு பையின் எண் நான்கு என்று தெளிவாக இருந்தது. மற்றதன் எண்மேல் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது.

"போடறதுக்கு முன்னால அந்தம்மா ரத்தத்தோட ஒருதரம் சேத்துப் பாக்கணும்," என்றார் டாக்டர். "பாத்திருப்பாங்க." போனை எடுத்தபடியே, "ரத்தம் ரொம்பப் போனா பாக்க மாட்டாங்க. நம்ம லேபிளை நம்பிப் போட்டுடுவாங்க," என்றார்.

நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தார்கள். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. ரிசீவரைச் சரியாக வைக்காமல் போயிருக்கிறார்கள். டாக்டர் போனை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்க, அருள்மேரியும் காமுவும் சீட்டையும் காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடி ஆட்டோ பிடித்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

தாம்பரம் கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு மாட்டுவண்டி, எண்ணற்ற சைக்கிள். மின்சார ரயில் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை. எதிர்த்திசையில் சரக்கு ரயில் ஊர்ந்து வந்தது. அருள்மேரி பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணாவிட்டால் கத்திவிடுவாள் போலிருந்தது. முப்பத்தெட்டு வரை எண்ணினாள். ஓ வகை உடம்பில் பி வகை ஏறினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று காமுவைக் கேட்டாள். காமு அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு நர்சிங் ஹோம் வந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நர்ஸ் ரத்தப் பையை இரண்டு கையிலும் வைத்துச் சூடு வரத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதன் லேபிளில் எண் நான்கு. காமு பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"யாரும்மா நீ? உள்ள கேட்டுக்கினு கீறாங்க," என்றாள் நர்ஸ்.

"இத்த போடாத. இது ஓ இல்ல. இன்னொண்ணு எங்க?"

"அது ஏறிக்கினு கீது. பாதிக்கு மேல போயிடுச்சு."

  ஏறிக்கொண்டிருக்கும் பையின் எண்ணைப் பார்த்து வரச் சொன்னாள் அருள்மேரி. நர்ஸ் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். கதவு ஆடி ஆடி நின்றது. அருள்மேரி காலண்டர் தாளை விரித்து அதன்மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். இருபதில் எட்டு மட்டுமே ஓ. மற்ற பன்னிரண்டில் எதுவானாலும் அந்தப் பெண்ணைக் கொன்றது தான்தான். செபம் சொல்ல வாயெடுத்தாள். முதல் வரியே ஞாபகம் வரவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள்.

"பன்னண்டு."

காமு தாளில் பார்த்தாள். அருள்மேரி கண்ணை நம்பாமல் ஒன்றிலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு, ஓ. திருப்பி எண்ணினாலும் அதன் எதிர் எண் ஒன்பது. ஒன்பதும் ஓ. தாங்கியை எந்தப் பக்கம் பிடித்திருந்தாலும் அந்தப் பை ஓதான்.

அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் டாக்டரின் போனும் கிடைத்தது. குளிர்பெட்டியில் சரியான ஓ பை ஒன்றைத் தேடி, அன்றே மறுபடி சோதித்து அனுப்பினார். நான்காம் எண் பையோடு ஒட்டியிருந்த சிறு குழாயை மாலை மூன்று மணிக்குச் சோதித்தார்கள். பி. மீதமிருந்த ஆறு தாங்கிகளையும் அடிக்கோல் வைத்துப் பார்த்தார்கள். வேறு தப்பு இல்லை. கங்கம்மாவை அருள்மேரி பார்க்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார் என்று காமு சொல்லித் தெரிந்துகொண்டாள்.

ஏகநாதன் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. டாக்டர் நோட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார், கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டார். பதினான்காம் தேதி காலண்டர் தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை அருள்மேரி ப்ரோகிராமை முதலிலிருந்து சரியாக எழுதினாள். இரண்டு பட்டியலுக்கும் தனித்தனி இடம். முதலில் நீளம் ஒன்றா என்று பார். பிறகு ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு என்று இருபதுவரை பார். ஒன்று மாறினாலும் நில். எழுதியதும் ஒரே பட்டியலைக் கொடுத்துப் பார்க்கவில்லை. முதல் இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். 'வேறு.' இரண்டாவதை மட்டும் மாற்றினாள். 'வேறு.' இப்படி இருபது இடத்தையும் தனித்தனியே மாற்றி இருபது முறை அடித்தாள். இருபத்தொன்றாவது முறை பட்டியலைத் தலைகீழாகக் கொடுத்தாள். 'வேறு' என்று வந்த பிறகுதான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

பிறகு எத்தனையோ மொழி வந்தது. 1998-இல் ஜாவா கற்றாள். அங்கே ஒரு விதமாகக் கேட்டால் இடத்தைப் பார்க்கும், இன்னொரு விதமாகக் கேட்டால் உள்ளே பார்க்கும். கேட்டால் உடனே உள்ளே பார்த்துச் சொல்லும் மொழிகளும் இருந்தன. எந்தப் புத்தகம் எதைச் சொன்னாலும், புது மொழியில் அவள் முதலில் செய்வது ஒன்றுதான். நான்காவது இடத்தில் மட்டும் மாறுபடும் இரண்டு பட்டியலை எழுதி, இவை ஒன்றா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.